கொடை வீடியோ, கல்யாண டிவிடி, ட்ரோன் காட்சி: லினக்ஸில் விஎல்சியைக் கொண்டு சரிசெய்வது எப்படி

திருநெல்வேலிப் பக்கம் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே கிடக்கிற வீடியோக்கள் ஏறக்குறைய ஒரே ஜாதிதான். இருபது வருஷத்துக்கு முந்தைய கல்யாண டிவிடி. அதற்கும் முன்னால் கேசட்டில் எடுத்து, பிறகு கடையில் கொடுத்து மாற்றி வாங்கிய சடங்கு வீடியோ. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமக்கொடை வரைக்கும் ஓடிய கணியான் கூத்து. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி மாடியில் நின்று போனில் பிடித்தது. போன மாசம் நடந்த நிச்சயதார்த்தத்தின் ட்ரோன் காட்சி. ஐந்தும் ஐந்து விதமாக மக்கர் பண்ணும். ஒன்றில் ஆள் நகர்ந்தால் கோடு கோடாகச் சிதறும், ஒன்றில் மாப்பிள்ளை இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிவார், ஒன்றில் வெடிச் சத்தம் காதைக் கிழிக்கும், ஒன்று படுத்தவாக்கில் ஓடும், கடைசியது நின்று நின்று வரும்.

உடனே பிளேயரை மாற்றிப் பார்ப்பது வழக்கம். அதற்கு அவசியமே இல்லை. இந்த ஐந்துக்கும் மருந்து விஎல்சி (VLC) என்ற பிளேயருக்குள்ளேயே இருக்கிறது. மெனுவுக்குள் ஆழமாக ஒளிந்திருப்பதுதான் சங்கடம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விஎல்சியில் ஒரு மாற்றத்தை மூன்று இடத்தில் செய்யலாம். விசையிலோ மேல் மெனுவிலோ செய்வது ஓடுகிற படத்துக்கு மட்டும். மறுபடி திறந்தால் பழையபடி ஆகிவிடும். ‘டூல்ஸ்’ மெனுவில் இருக்கும் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’ ஜன்னலில் செய்வது விஎல்சியை மூடும் வரை நிற்கும். அங்கேயுள்ள ‘சேவ்’ பொத்தானை அழுத்திவிட்டால் மூடினாலும் போகாது. ‘பிரிஃபரன்சஸ்’ ஜன்னலில் செய்வது எப்போதைக்கும். நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்கு ஏன் இல்லை, நேற்றைக்குத் தேவைப்பட்டது இன்றைக்கும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற இரண்டு புலம்பலுக்கும் காரணம் இதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் 2018 பிப்ரவரியில் வந்த விஎல்சி 3.0 வரிசைக்குப் பொருந்தும். மெனுப் பெயர்கள் ஆங்கில இடைமுகத்தில் தெரிகிறபடி.

விசைகளில் ஒரு சிக்கல். தமிழில் எழுதும்போது இரண்டு ‘டி’, இரண்டு ‘பி’ வந்துவிடும். அதனால் விசைப்பலகையில் இருக்கிற இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். மேல்வரிசை டி என்றால் ஆர் எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது. நடுவரிசை டி என்றால் எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது. மேல்வரிசை பி வலது ஓரத்தில் இருக்கும். கீழ்வரிசை பி ஸ்பேஸ் பாருக்கு மேலே, வி எழுத்துக்குப் பக்கத்தில். தமிழ் விசைப்பலகையில் இருந்தால் எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகலாம்; முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். குறுக்குவிசை எடுபடவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

நிறுவுவது

லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றிலும் மென்பொருள் மேலாளரில் விஎல்சி என்று தேடி நிறுவினால் போதும். ஒரே பெயரில் இரண்டு மூன்று வடிவம் காட்டும். சிஸ்டம் பேக்கேஜ் என்று இருப்பதையே எடுங்கள். ஸ்னாப் வடிவம் தனி வேலிக்குள் ஓடுவது. பென்டிரைவையோ வெளி ஹார்டு டிஸ்க்கையோ திறக்க அதற்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டி வரலாம். ‘ஃபைல் இருக்கு, ஆனா திறக்க மாட்டேங்குது’ என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தையும் சேர்த்தால்தான் எச்.264, எச்.265 கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைகள்) முழுமையாக வரும்.

உள்ளூர் ஸ்டூடியோவில் போட்டுக் கொடுத்த கல்யாண டிவிடிக்குப் பூட்டு இருக்காது, அப்படியே ஓடும். கடையில் வாங்கிய சினிமா டிவிடி பூட்டோடு வரும், அதற்குத்தான் கூடுதல் நூலகம் தேவை.

டிவிடியை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போது பலரும் செய்யும் தப்பு: உள்ளே இருக்கும் விஓபி ஃபைல்களில் ஒன்றை மட்டும் நகலெடுத்துவிட்டு, ‘தாலி கட்டுறது வரைக்கும்தான் இருக்கு’ என்பார்கள். டிவிடி விதிப்படி ஒரு விஓபி 1 ஜிபிக்கு மேல் போகாது, அதனால் ஒரே கல்யாணம் நாலைந்து துண்டாக இருக்கும். வீடியோ டிஎஸ் என்ற முழுக் கோப்புறையையும் எடுங்கள். திறக்கும்போது ‘மீடியா’ மெனுவில் ‘ஓப்பன் டிஸ்க்’ போய், டிஸ்க் டிவைஸ் என்ற இடத்தில் அந்தக் கோப்புறையைக் காட்டினால் துண்டுகள் ஒட்டி ஒரே படமாக ஓடும். மெனு முரண்டு பிடித்தால் ‘நோ டிஸ்க் மெனூஸ்’ டிக் செய்யுங்கள்.

சீப்புக் கோடு

தவில்காரர் கை வீசும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். கை இருக்க வேண்டிய இடத்தில் சீப்பு மாதிரி படுக்கைக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் வீடியோ. டிவிடி கெட்டுப்போகவில்லை. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) டிவிடியில் படம் 720 × 576. நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). ஆனால் கேமரா ஒரு சட்டத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. ஒற்றை வரிகள் 288-ஐ முதலிலும், இரட்டை வரிகள் 288-ஐ நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுக்கும். அந்த இடைவெளியில் கை நகர்ந்துவிடும். பழைய குழாய் டிவி வரிகளை அதே வரிசையில் காட்டியதால் தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் சீப்பு.

படம் ஓடும்போது நடுவரிசை டி-யை ஒருமுறை தட்டினால் இந்தக் கோட்டை நீக்கும் டிஇன்டர்லேஸ் இயங்கும், இன்னொரு முறை தட்டினால் நிற்கும். முறையை ‘வீடியோ’ மெனுவில் ‘டிஇன்டர்லேஸ் மோட்’ என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கலாம். யாடிஃப் நொடிக்கு 25 சட்டம் தரும், வரி சுத்தமாக இருக்கும். யாடிஃப் 2எக்ஸ் இரண்டு பாதியையும் தனித்தனிச் சட்டமாக்கி 50 தரும். குழந்தைகள் ஓடுவதும், மாலை மாற்றும்போது தோளில் தூக்கி ஆட்டுவதும் வழுக்கிக்கொண்டு போகும். டிவிடிக்கு 2எக்ஸ்தான் சரி. காம்கார்டரில் எடுத்த எம்டிஎஸ் ஃபைல் 1080 வரி இருப்பதால் பழைய லேப்டாப் அதில் திணறும். அப்போது ‘பாப்’ அல்லது ‘லீனியர்’. ‘பிளென்ட்’ வேண்டாம். கோட்டை மறைக்கும், ஆனால் கைக்கு ஆவி மாதிரி ஒரு நிழல் கூடவே வரும்.

எப்போதைக்கும் வைக்க, கன்ட்ரோலோடு மேல்வரிசை பி அழுத்தி, ‘வீடியோ’ தாவலில் டிஇன்டர்லேசிங் ‘ஆட்டோமேட்டிக்’, மோட் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்று வைத்து சேவ் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் என்பது ஃபைலுக்குள் இருக்கும் குறிப்பை நம்புவது. எடிட் செய்தவர் அந்தக் குறிப்பைத் தப்பாகப் போட்டிருந்தால் பிளேயர் ஏமாந்துவிடும். அந்த ஃபைலுக்கு மட்டும் நடுவரிசை டி-யைத் தட்டுங்கள்.

எந்த முறையும் எடுபடாத ஃபைலும் உண்டு. இன்டர்லேஸ் படத்தை அப்படியே பெரிதாக்கி 720 வரி எச்டியாக ஏற்றுமதி செய்திருப்பார்கள். சீப்பு படத்தோடு வெந்துபோய்விட்டது, இனி பிரிக்க முடியாது. மூல டிவிடியையோ டேப்பையோ தேடுவது ஒன்றுதான் வழி. ஹார்டுவேர் டிகோடிங் இயங்கும்போதும் சில கிராபிக்ஸ் சிப்பில் மோட் மாற்றம் எடுபடாது. அதை எப்படி நிறுத்துவது என்று பின்னால் வருகிறது.

கேசட்டில் இருந்து மாறிய படத்தில் அடி ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை நெளிந்துகொண்டே இருக்கும். விசிஆரின் ஹெட் மாறுகிற இடம் அது; குழாய் டிவியில் சட்டத்துக்குள் மறைந்துபோகும். கன்ட்ரோலோடு ஈ அழுத்தி, ‘வீடியோ எஃபெக்ட்ஸ்’, ‘கிராப்’ போய் அடிப்பக்கம் 8 முதல் 12 பிக்சல் வெட்டுங்கள், போய்விடும்.

குண்டான மாப்பிள்ளை, படுத்த தேர், இருட்டான சாமி

ஆட்கள் பெருத்தோ ஒட்டியோ தெரிந்தால் 4:3 படத்துக்கு 16:9 என்று முத்திரை விழுந்திருக்கிறது, அல்லது அதற்குத் தலைகீழாக. ஏ விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறிக்கொண்டே வரும். எது சரி என்பதை முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். பந்தியில் இருக்கும் எவர்சில்வர் தட்டையோ, மேளத்தின் வாயையோ பாருங்கள். வட்டம் வட்டமாக வந்தால் அதுதான் சரியான விகிதம். சி விசை ஓரத்தைக் கத்தரிக்கும், கறுப்புப் பட்டை இருந்தால் அதற்கு.

போனில் எடுத்தது படுத்துக் கிடந்தால் கன்ட்ரோல்+ஈ, ‘வீடியோ எஃபெக்ட்ஸ்’, ‘ஜியாமெட்ரி’, ‘டிரான்ஸ்ஃபார்ம்’ டிக் செய்து 90 அல்லது 270 பாகை. இங்கேதான் கவனம் தேவை. தேர் நிமிர்ந்துவிட்ட சந்தோஷத்தில் ‘சேவ்’ அழுத்தினால், நாளைக்கு நேராக எடுத்த படமும் படுத்துவிடும். ‘எல்லா வீடியோவும் சாஞ்சு ஓடுது, வைரஸ் வந்திருச்சு’ என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. ‘குளோஸ்’ மட்டும் அழுத்துங்கள். ஏற்கெனவே சேவ் ஆகிவிட்டிருந்தால் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி சேவ். எதைத் தொட்டோம் என்றே தெரியவில்லையா, பிரிஃபரன்சஸ் ஜன்னலின் அடியில் ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’ அழுத்தி விஎல்சியை மூடித் திறங்கள். இந்தத் திருப்பம் பார்ப்பதற்கு மட்டுந்தான், ஃபைல் மாறாது. நிமிர்த்தியே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் போன்ற மாற்றும் மென்பொருள்தான் சரியான கருவி.

கொடை வீடியோ இருட்டாக இருப்பது சகஜம். பின்னால் சீரியல் லைட் கண்ணைப் பறிக்கும், கேமரா அதற்குத் தக்கபடி ஒளியைக் குறைத்துவிடும், சாமியாடியின் முகம் கறுத்துப்போகும். ‘எசென்ஷியல்’ தாவலில் ‘இமேஜ் அட்ஜஸ்ட்’ டிக் செய்து, பிரைட்னஸைத் தொடாமல் முதலில் காமாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பிரைட்னஸ் எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்குவதால் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். காமா நடு இருட்டை மட்டும் தூக்கும், வானம் கறுப்பாகவே இருக்கும். நிறம் வெளிறினால் சாச்சுரேஷனைச் சிறிது ஏற்றலாம். கூட்டினால் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரிய ஆரம்பிக்கும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

வெடியும் ரேடியோ செட்டும்

வில்லுப்பாட்டு அண்ணாவி கதை சொல்வது காதில் விழ வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தால், நடுவில் ஒரு வெடி போட்டு வீட்டையே எழுப்பிவிடுவார்கள். இதற்கு கம்ப்ரஸர். கன்ட்ரோல்+ஈ, ‘ஆடியோ எஃபெக்ட்ஸ்’, ‘கம்ப்ரஸர்’, எனேபிள். வருகிற நிலையில் திரெஷோல்ட் மைனஸ் 11 டெசிபல், ரேஷியோ 4, அட்டாக் 25 மில்லிசெகண்ட் என்று இருக்கும். வெடிக்கு இது மெத்தனம். அட்டாக்கை 5-க்கும், திரெஷோல்டை மைனஸ் 20-க்கும் இறக்கி, ரேஷியோவை 8-க்கு ஏற்றுங்கள். மொத்தச் சத்தம் குறைந்தது போல் தோன்றினால் மேக்அப் கெயினை 10 பக்கம் கொண்டுபோங்கள். இனி அண்ணாவி குரலும் வெடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

குடமும் உடுக்கையும் குரலை மூடினால் ஈக்வலைசரில் 60, 170 ஹெர்ட்ஸ் பட்டைகளை இறக்கி, 3 கிலோஹெர்ட்ஸை 3–4 டெசிபல் ஏற்றுங்கள். வார்த்தை தெளியும். ரேடியோ செட் (ஒலிபெருக்கி) குழாய்க்கு நேர் எதிரே நின்று எடுத்து, பதிவிலேயே குரல் கரகரவென்று உடைந்திருந்தால் எந்த ஃபில்டரும் அதை ஒட்டவைக்காது.

சத்தமே போதவில்லை என்றால்: ஸ்லைடர் 125 சதவீதத்தோடு நிற்கும். பிரிஃபரன்சஸில் கீழே இடப்பக்கம் ‘ஆல்’ தேர்ந்தெடுத்து, மேலே தேடல் பெட்டியில் ‘மேக்சிமம் வால்யூம்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்த எல்லையை ஏற்றலாம், 300 வரை போகும். 150-க்கு மேல் லேப்டாப் ஸ்பீக்கர் அலறத்தான் செய்யும்.

புளூடூத் ஸ்பீக்கரில் உதடு அசைந்த பிறகு குரல் வருகிறதா? ஜே விசை குரலை முன்னால் இழுக்கும், கே விசை பின்னால் தள்ளும். தட்டுக்கு 50 மில்லிசெகண்ட், திரையில் அளவு தெரியும். யாராவது கை தட்டும் இடத்தை வைத்துச் சரிபாருங்கள், பேச்சை வைத்துப் பார்ப்பதைவிட எளிது. அடுத்த ஃபைலுக்கு இது அழிந்துவிடும். தினமும் அதே ஸ்பீக்கர்தான் என்றால் மறுபடி ‘ஆல்’ பகுதியில் ‘டீசிங்க்ரனைசேஷன்’ என்று தேடி அந்த எண்ணை, மைனஸ் குறியோடு, நிரந்தரமாக எழுதிவிடலாம். ஸ்பீக்கரைக் கழற்றிய நாளில் அதைச் சுழியாக்க மறக்க வேண்டாம்.

மகுடம் படிக்க ஒரு பிளேயர்

விஎல்சியின் ஆகப் பெரிய பயன் இதுதான் என்று சொல்வோம், ஆனால் இதைத் தொடுகிறவர்கள் குறைவு. ‘வியூ’ மெனுவில் ‘அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்’ டிக் செய்தால் ஓட்டும் பொத்தான்களுக்கு மேலே நாலு சின்னப் பொத்தான்கள் வரும்: பதிவு, படம் பிடித்தல், ஏ–பி சுற்று, சட்டம் சட்டமாக.

கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் கருவிகள் இரண்டு மாறி மாறிப் பேசும். ஒன்று எங்கே விடுகிறது, இன்னொன்று எங்கே எடுக்கிறது என்பது முழு வேகத்தில் புதிதாகப் பழகுகிறவருக்குப் பிடிபடாது. அந்த அடி தொடங்கும் இடத்தில் ஏ–பி பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள்; முடியும் இடத்தில் இரண்டாவது முறை. இனி அந்தத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வரும். மூன்றாவது அழுத்தில் விடுபடும். சுற்று மாத்திரைக்கு ஒட்டாமல் குதித்தால், ஏ-யை அடிக்கு ஒரு விநாடி முன்னாலேயே வையுங்கள். வீடியோவில் தாவுவது முழுச் சட்டம் இருக்கும் இடங்களில்தான் வேகமாக நடக்கும், அதனால் இம்மி பிசகாமல் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வேகத்துக்குச் சதுர அடைப்புக்குறி விசைகள். இடது அடைப்பு ஒவ்வொரு தட்டுக்கும் 0.1 குறைக்கும், வலது ஏற்றும். மூன்று தட்டுத் தட்டினால் 0.70. சமக்குறி விசை பழைய வேகத்துக்கு ஒரேயடியாகக் கொண்டுவரும். வேகம் குறைந்தாலும் சுருதி இறங்காது. விஎல்சி சத்தத்தை நீட்டித்தான் தருகிறது. நாதஸ்வரம் பழகுகிறவருக்கு இது முக்கியம். 0.5-க்குக் கீழே போனால் மட்டும் தோல் கருவியின் அடி இரட்டித்துக் கேட்கும், 0.6 முதல் 0.8-க்குள் வைத்துக்கொள்வது நல்லது.

விரல் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க ஈ விசை. தட்டுக்கு ஒரு சட்டம். 25 சட்ட வீடியோவில் ஒரு தட்டு என்பது 40 மில்லிசெகண்ட். பின்னால் ஒரு சட்டம் போக இந்த வரிசையில் வழியில்லை, ஷிப்ட்டோடு இடது அம்பு அழுத்தி 3 விநாடி பின்வாங்கித் திரும்ப வர வேண்டும். அடிக்கடி பின்னால் போகிற வேலை என்றால் அதற்கு மட்டும் எம்பிவி (mpv) என்ற இன்னொரு பிளேயர் மேல். அதில் கமா விசை ஒரு சட்டம் பின்னால், முற்றுப்புள்ளி விசை ஒரு சட்டம் முன்னால், எல் விசை ஏ–பி சுற்று. மின்ட்டோடு வருகிற செல்லுலாய்டு பிளேயருக்குள் ஓடுவதும் எம்பிவிதான்.

தாவும் அளவுகள் இவை: ஷிப்ட்+அம்பு 3 விநாடி, ஆல்ட்+அம்பு 10 விநாடி, கன்ட்ரோல்+அம்பு 1 நிமிடம், கன்ட்ரோல்+ஆல்ட்+அம்பு 5 நிமிடம். சில டெஸ்க்டாப்பில் கடைசியது திரை மாற்றும் விசையாக இருக்கும், விஎல்சிக்கு வந்து சேராது. ஆறு மணி நேரக் கொடையில் நேராக ஓர் இடத்துக்குப் போக, கன்ட்ரோல்+மேல்வரிசை டி அழுத்தி நேரத்தை எழுதுங்கள்.

கன்ட்ரோல்+கீழ்வரிசை பி அழுத்தினால் புத்தகக்குறி ஜன்னல் வரும். ‘கிரியேட்’ அழுத்திக் குடியழைப்பு, சாமக்கொடை, படைப்பு என்று பெயர் கொடுக்கலாம். ஆனால் விஎல்சியை மூடினால் குறிகள் போய்விடும். மூடுவதற்கு முன் கன்ட்ரோல்+ஒய் அழுத்திப் பிளேலிஸ்ட்டை எக்ஸ்எஸ்பிஎஃப் வடிவில் சேமியுங்கள். அடுத்த முறை வீடியோவைத் திறக்காமல் அந்தப் பிளேலிஸ்ட்டைத் திறந்தால் குறிகள் கூடவே வரும். வீடியோவை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் பிளேலிஸ்ட்டுக்கு வழி தெரியாது.

தமிழில் சப்டைட்டில்

வில்லுப்பாட்டின் வரிகளை எழுத்தில் காட்ட எஸ்ஆர்டி ஃபைல் போதும், எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் எழுதலாம். வரிசை எண், அடுத்த வரியில் நேரம், அதற்கடுத்து வாசகம், பிறகு ஒரு வெற்று வரி:

1
00:01:20,500 --> 00:01:24,000
தந்தனத்தோம் என்று சொல்லியே வில்லினில் பாட

விநாடிக்குப் பின் வருவது கமா. புள்ளி போட்டால் சில பிளேயர் ஏற்காது. வீடியோவின் பெயரையே இதற்கும் கொடுத்து, அதே கோப்புறையில் வைத்தால் தானாகவே வந்துவிடும். வி விசை சப்டைட்டிலை மாற்றும்.

எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. மென்பொருள் மேலாளரில் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவி, பிரிஃபரன்சஸின் ‘சப்டைட்டில்ஸ்’ தாவலில் அதைத் தேர்ந்தெடுங்கள். தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டினால் எழுத்துரு சரிதான், குறியாக்கம்தான் தப்பு. அதே தாவலில் ‘டிஃபால்ட் என்கோடிங்’ யுடிஎஃப்-8 ஆக்குங்கள். சும்மா ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வந்தால் யாரோ பழைய பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், யூனிகோடுக்கு மாற்றாமல் தீராது.

முன்பின் இருந்தால் ஜி முன்னால், ஹெச் பின்னால், தட்டுக்கு 50 மில்லிசெகண்ட். ஆரம்பத்தில் ஒட்டி, போகப் போக விலகினால் அது சட்ட வேகக் கோளாறு. 23.976-க்கு எழுதியதை 25-இல் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிவிடும். அதை விசை தட்டிச் சரிக்கட்ட முடியாது. சப்டைட்டில் எடிட்டர் ஒன்றில் வேகத்தை மாற்றிச் சேமியுங்கள்.

பழைய லேப்டாப்பும் 4கே ட்ரோனும்

2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் லினக்ஸோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. டிவிடிக்கும் 720 வரிப் படத்துக்கும் அவை தாராளம். ட்ரோன்காரர் கொடுக்கும் 4கே எச்.265-க்கு முன்னால் நின்றுவிடும். காரணம் சிப்பில்தான். இன்டெலில் 6-ஆம் தலைமுறையில் இருந்துதான் எச்.265-ஐ வன்பொருளிலேயே விரிக்கும் வசதி முழுமையாக வந்தது. 10-பிட் என்றால் 7-ஆம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தையதில் எல்லாச் சுமையும் பிராசசர் தலையில்.

எது திணறுகிறது என்று கண்டுபிடிக்க, கன்ட்ரோல்+ஐ அழுத்தி ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ தாவலைப் பாருங்கள். ‘லாஸ்ட்’ என்ற எண் ஏறிக்கொண்டே போனால் சட்டங்கள் விழுகின்றன, அதாவது கம்ப்யூட்டரால் முடியவில்லை. ‘கோடெக்’ தாவலில் எச்.264-ஆ எச்.265-ஆ என்பதும் அளவும் தெரியும்.

பிரிஃபரன்சஸ், ‘இன்புட்–கோடெக்ஸ்’ தாவலில் ஹார்டுவேர் டிகோடிங் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கட்டும். படம் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்தால், அல்லது முன்னால் சொன்ன டிஇன்டர்லேசும் காமாவும் எடுபடவில்லை என்றால், ‘டிசேபிள்’ வைத்து விஎல்சியை மூடித் திறந்து பாருங்கள். அப்படியும் கறுப்பு என்றால் ‘வீடியோ’ தாவலில் அவுட்புட்டை மாற்றுங்கள். எச்.264 மட்டும் லேசாகத் திணறினால், அதே கோடெக் தாவலில் லூப் ஃபில்டரைத் தவிர்க்கும் வரியை ‘ஆல்’ ஆக்கலாம். படம் சற்றுக் கட்டம் தட்டும், ஆனால் ஓடும். எச்.265 4கே-க்கு இந்த வைத்தியமெல்லாம் பலிக்காது. 1080 எச்.264-ஆக ஒரு பிரதி கொடுங்கள் என்று ட்ரோன்காரரிடமே கேட்டுவிடுவது மேல்.

பென்டிரைவில் இருந்து நேராக ஓட்டும்போது மட்டும் நின்று நின்று வந்தால் சிப்பின் மேல் பழி போடாதீர்கள். ‘ஆல்’ பகுதியில் ‘ஃபைல் கேஷிங்’ 300 மில்லிசெகண்ட் என்று இருக்கும், 1500 ஆக்குங்கள். அல்லது ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டுங்கள்.

நகல் என்றதும் ஒன்று. லினக்ஸில் பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது பட்டை முடிந்துவிட்டதாகக் காட்டினாலும், தரவு இன்னும் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உருவினால் எம்பி4 திறக்கவே திறக்காது, ஏனென்றால் பல எம்பி4-இல் அட்டவணை கடைசியில்தான் இருக்கும். ‘இஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று சொல்லும் வரை பொறுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை எஃப்ஏடி32 பென்டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக்க வேண்டும், ஆக்கினால் உள்ளிருப்பது அழியும்.

துண்டு, படம், ஆடியோ

ஷிப்ட்+எஸ் ஓடும் காட்சியைப் படமாக எடுத்து, படங்கள் கோப்புறையில் பிஎன்ஜி ஆக வைக்கும். தாத்தாவின் அஞ்சலி போஸ்டருக்குப் பழைய கல்யாண டிவிடியில் இருந்து முகத்தை எடுப்பவர்கள் உண்டு. டிவிடிச் சட்டம் மொத்தமே 720 × 576 தான்; அச்சுத் தரத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 2.4 அங்குல அகலம். பாஸ்போர்ட் அளவைக் கொஞ்சம் தாண்டும், ஃபிளெக்ஸுக்கு ஊதினால் களிமண். எடுப்பதற்கு முன் டிஇன்டர்லேஸை இயக்கி, ஆள் அசையாமல் நிற்கும் சட்டமாக ஈ விசையால் தேடிப் பிடியுங்கள்.

ஷிப்ட்+ஆர் பதிவைத் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஃபைல் வீடியோக்கள் கோப்புறைக்குப் போகும். ஓடுகிற நேரம்தான் பதிவின் நேரம். முதல் ஒன்றிரண்டு விநாடி கட்டம் தட்டக்கூடும் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குங்கள்.

வில்லுப்பாட்டை ஆடியோவாக மட்டும் எடுக்க கன்ட்ரோல்+ஆர், ஃபைலைச் சேர்த்து ‘கன்வெர்ட்’, புரொஃபைலில் ‘ஆடியோ – எம்பி3’, போய்ச் சேரும் இடத்துக்குப் புதுப் பெயர். மூல ஃபைலின் பெயரையே கொடுத்தால் மூலத்தின் மேலேயே எழுதி அதை நாசமாக்கிவிடும். டிவிடியை எம்பி4 ஆக்கும்போது அதே ஜன்னலில் ‘டிஇன்டர்லேஸ்’ டிக் செய்ய மறந்தால், மேலே சொன்ன வெந்துபோன சீப்பு உங்கள் கையாலேயே உருவாகும்.

மண்டபத்தில் புரொஜெக்டர்

வரவேற்பில் படம் ஓட்டுவதற்கு முந்தின நாளே இவற்றைச் செய்துவையுங்கள். பிரிஃபரன்சஸ், ‘சப்டைட்டில்ஸ்’ தாவலில் ‘ஷோ மீடியா டைட்டில்’ டிக்கை எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஃபைல் பெயர் பெரிய எழுத்தில் வரும், ‘ஃபைனல் ஃபைனல் 3’ என்று பெயர் வைத்திருந்தால் மானம் போகும். ‘இன்டர்ஃபேஸ்’ தாவலில் ‘கன்டினியூ பிளேபேக்’ வரியை ‘நெவர்’ ஆக்குங்கள், பாதியில் இருந்து தொடங்காது. அங்கேயே ‘இன்டக்ரேட் வீடியோ இன் இன்டர்ஃபேஸ்’ டிக்கை எடுத்துவிட்டால் படம் தனி ஜன்னலாக வரும். அதைப் புரொஜெக்டர் திரைக்கு இழுத்து எஃப் அழுத்திவிட்டு, கன்ட்ரோலை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். புகைப்படங்களையும் பிளேலிஸ்ட்டில் கலந்து போடலாம், ஒவ்வொன்றும் 10 விநாடி நிற்கும். எல் விசை மொத்தத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டும்.

ஓடும் வரை விஎல்சி திரையைத் தூங்கவிடாது. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரட்டும் என்று ஸ்பேஸ் தட்டி நிறுத்திவைத்தால், பத்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கும். சிஸ்டம் செட்டிங்கில் திரைப்பூட்டையும் ஸ்லீப்பையும் அன்றைக்கு மட்டும் நிறுத்திவிட்டு, சார்ஜரைச் செருகிவையுங்கள்.